குருப்புக்குக் கைதட்டும் முன் சாக்கோ யார் என்று கேளுங்கள்

(நமது கட்சியின் சமூக ஊடகத் தோழர்களுக்கான பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரை. நேரில் வர முடியாத தோழர்களுக்காக எழுத்து வடிவில் தருகிறோம். முழுதும் படியுங்கள், பகிருங்கள்.)



காலையிலிருந்து ஹேஷ்டேக், வீடியோ எடிட்டிங், பொய்ச் செய்தியைக் கண்டுபிடிக்கிற வழி என்று நிறைய விஷயங்கள் பேசியிருக்கிறார்கள். எனக்குக் கொடுத்த நேரத்தில் ஒரு சினிமாவைப் பற்றிப் பேசப் போகிறேன். "என்னப்பா இவரு, கட்சி வகுப்புல வந்து சினிமா பேசுறாரு"ன்னு நினைக்க வேண்டாம். நீங்க தினமும் போடுற ரீல்ஸுக்கும் இதுக்கும் நேரடியா சம்பந்தம் இருக்கு. கொஞ்சம் பொறுமையாக் கேளுங்க.

படத்தின் பெயர் "குருப்". துல்கர் சல்மான் நடித்தது. ஸ்ரீநாத் ராஜேந்திரன் இயக்கியது. 2021 நவம்பர் 12 அன்று வெளிவந்தது. மலையாளப் படம்தான், ஆனால் தமிழிலும் டப்பாகி நம் ஊருக்கு வந்தது. கொரோனா ஊரடங்குக்குப் பிறகு கேரளத்தில் தியேட்டர்கள் திறந்ததும் வந்த முதல் பெரிய படம் என்பதால் கூட்டம் அள்ளியது. படத்தைப் பார்க்காதவர்கள்கூட துல்கர் ஸ்டைலாக நடந்துவருகிற காட்சியை, அந்தப் பின்னணி இசையை, நாலு ரீல்ஸிலாவது பார்த்திருப்பீர்கள்.

இப்போ ஒரு கேள்வி. குருப் யாருன்னு கேட்டா இந்த அரங்கத்துல பாதிப் பேர் கை தூக்குவீங்க. சாக்கோ யாருன்னு கேட்டா?

பாருங்க, அரங்கமே அமைதியாயிடுச்சு. அந்த அமைதியைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

சாக்கோ கேரளத்தின் ஆலப்புழையைச் சேர்ந்தவர். அவருக்குச் சினிமாவில்தான் வேலை. நடிகர் இல்லை, இயக்குநர் இல்லை. பிலிம் ரெப்ரசென்டேடிவ். தியேட்டர்காரர்கள் சுருக்கமாக "ரெப்" என்பார்கள். அந்தக் காலத்தில் விநியோகஸ்தர் ஒரு படத்தைத் தியேட்டருக்குக் கொடுத்தால், கூடவே ஒரு ஆளையும் அனுப்புவார். எத்தனை டிக்கெட் விற்றது, வசூல் எவ்வளவு என்று அந்த ஆள்தான் கணக்குப் பார்க்க வேண்டும். படம் ஓடும் ஊருக்கெல்லாம் போக வேண்டும், கடைசி ஆட்டம் வரை இருக்க வேண்டும், நடுராத்திரியில் பஸ் பிடித்து வீடு திரும்ப வேண்டும். திரையில் பெயர் வராத, போஸ்டரில் முகம் வராத வேலை.

1984 ஜனவரி 21. கருவாற்றா என்கிற ஊரில் தியேட்டர் வேலையை முடித்துக்கொண்டு, ஆலப்புழைக்குத் திரும்ப, அன்று 47-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையாக இருந்த சாலையின் ஓரத்தில் வண்டிக்காகக் காத்து நின்றார் சாக்கோ. வீட்டில் மனைவி கர்ப்பிணி. முதல் குழந்தை வரப்போகிறது.

ஒரு கார் வந்து நின்றது. "ஏறிக்கோங்க, விட்டுடறோம்" என்றார்கள். ஏறினார். அதோடு சரி. காருக்குள்ளேயே மயக்க மருந்து கலந்த மதுவைக் குடிக்க வைத்து, கழுத்தை நெரித்துக் கொன்றார்கள்.

எதற்காக? சாக்கோவுக்கும் அவர்களுக்கும் முன்விரோதம் கிடையாது. பணம் கொடுக்கல் வாங்கல் கிடையாது. அவர் யார் என்றே அவர்களுக்குத் தெரியாது. அவருடைய உயரமும் உடல்வாகும் சுகுமார குருப்பின் உயரத்துக்கும் உடல்வாகுக்கும் பொருந்தியது. அது ஒன்றுதான் காரணம்.

இந்தச் சுகுமார குருப் செங்கன்னூர் பக்கம் செறியநாட்டுக்காரர். முதலில் விமானப்படையில் இருந்தவர், அங்கிருந்து சொல்லாமல் கொள்ளாமல் ஓடி வந்தவர். போலீஸ்காரர் ஒருவருக்குப் பணம் கொடுத்து "ஆள் இறந்துவிட்டார்" என்று அறிக்கை எழுத வைத்து, புதுப் பெயரில் பாஸ்போர்ட் எடுத்து அபுதாபிக்குப் போனவர் என்று இந்த வழக்கைப் பற்றிய செய்திகள் சொல்கின்றன. ஆக, ஏற்கெனவே ஒருமுறை காகிதத்தில் செத்துப் பார்த்தவர். அபுதாபியில் நல்ல வேலை, கைநிறையச் சம்பளம். ஊரில் அம்பலப்புழைப் பக்கம் பெரிய பங்களா கட்டிக்கொண்டிருந்தார். பணம் போதவில்லை. தன் பெயரில் வெளிநாட்டில் காப்பீடு எடுத்திருந்தார். அன்றைய மதிப்பில் சுமார் 8 லட்சம் ரூபாய் என்று சொல்லப்பட்டது. தான் இறந்தால் அந்தப் பணம் வரும். தான் இறக்காமல் அந்தப் பணம் வரவேண்டும் என்றால் வேறு யாராவது இறக்க வேண்டும்.

முதலில் எங்காவது ஒரு அநாதைப் பிணம் கிடைக்குமா என்று தேடினார்கள். கிடைக்கவில்லை. அதற்குப் பிறகுதான் உயிரோடு இருக்கிற ஒரு ஆளைத் தேடி ராத்திரியில் சாலையில் இறங்கினார்கள். குருப்பின் சகலை ஒருவர், ஓட்டுநர் ஒருவர், அபுதாபியில் பழக்கமான ஒருவர், கூடவே குருப். இதுதான் கூட்டணி.

சாக்கோவின் உடலுக்குக் குருப்பின் துணியை மாட்டினார்கள். அடையாளம் தெரியாமல் இருக்க முகத்தை எரித்தார்கள். பிறகு மாவேலிக்கரைக்குப் பக்கத்தில் குன்னம் என்கிற இடத்தில், குருப்பின் அம்பாசடர் காரில் ஓட்டுநர் இருக்கையில் உட்கார வைத்து, வயலில் இறக்கி, காரோடு சேர்த்துக் கொளுத்தினார்கள். ஜனவரி 22, விடிவதற்கு முன்.

படத்தில் பார்த்தீங்கன்னா குருப் பெரிய மூளைக்காரர். எல்லாரையும் விட நாலு அடி முன்னால் யோசிப்பவர். நிஜத்தில் என்ன நடந்தது? கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்குன்னு நம்ம ஊர்ல சொல்லுவாங்க. இந்தப் புளுகும் அப்படித்தான், சில நாட்களிலேயே கிழிந்து தொங்கியது. கார் தீப்பிடித்து உள்ளே இருந்தவர் உயிரோடு கருகினார் என்றால் மூச்சுக்குழாயில் புகைக்கரி இருக்க வேண்டும். பிணக்கூறாய்வில் அது இல்லை. இறந்த பிறகு எரிக்கப்பட்ட உடல் என்பது தெரிந்துபோனது. இந்த வழக்கில் வேலை செய்த தடயவியல் மருத்துவர் உமாதத்தன். மண்டையோட்டையும் சாக்கோவின் புகைப்படத்தையும் பொருத்திப் பார்த்து, இறந்தவர் சாக்கோதான் என்று உறுதி செய்தார்கள். கூட்டாளிகளில் ஒருவர் அப்ரூவர் ஆனார். சகலைக்கும் ஓட்டுநருக்கும் ஆயுள் தண்டனை. காப்பீட்டுப் பணம் வரவில்லை. பங்களா கட்டி முடிக்கப்படவேயில்லை, பாழடைந்து நின்றது.

குருப் மட்டும் ஓடிவிட்டார். இன்று வரை பிடிபடவில்லை. போட்ட திட்டம் அத்தனையும் பாழாகி, கூட வந்தவர்களைச் சிறையில் தள்ளிவிட்டு, தப்பி ஓடியது ஒன்றுதான் அந்த மனிதர் செய்த "சாதனை". அந்த ஓட்டத்துக்குத்தான் தோழர்களே, நாம் விசில் அடிக்கிறோம்.

இந்த ஒரே சம்பவத்தை மலையாள சினிமா வேறு வேறு காலத்தில் எடுத்திருக்கிறது. மூன்று படங்களை மட்டும் சொல்கிறேன். வரிசையைக் கவனியுங்கள்.

முதல் படம் "என்.எச். 47". கொலை நடந்த அதே 1984-இல் பேபி இயக்கியது. குருப்பை வைத்து எழுதிய பாத்திரத்தில் நடித்தவர் வில்லன் வேடங்களுக்குப் பேர்போன டி.ஜி.ரவி. அன்றைக்கு அந்த ஆளை யாராக நடிக்க வைக்கிறது என்பதில் யாருக்கும் குழப்பம் இல்லை. கொலைகாரன், அதனால் வில்லன்.

இரண்டாவது படம் 2016-இல் அடூர் கோபாலகிருஷ்ணன் எடுத்த "பின்னெயும்". இந்தச் சம்பவத்தைத் தழுவிய கற்பனைக் கதை. திலீப்பும் காவ்யா மாதவனும் நடித்தார்கள். வேலை கிடைக்காமல் அவமானப்பட்ட ஒரு சாதாரண மனிதன், வளைகுடா போய்ச் சம்பாதித்த பிறகும் ஆசை அடங்காமல் இப்படி ஒரு குற்றத்தில் இறங்குகிறான். அந்தக் குற்றம் அவன் மனைவியையும் குடும்பத்தையும் எப்படித் தின்றது என்பதுதான் படம். அந்த மனிதன் மேல் நமக்கு இரக்கம் வரலாம், பொறாமை வராது. அவனைப் போல நடக்க வேண்டும், அவனைப் போல கண்ணாடி போட வேண்டும் என்று யாருக்கும் தோன்றாது.

மூன்றாவது, 2021-இன் "குருப்". இங்கே அவர் ஹீரோ. அழகான உடை, காருக்கு மேல் கார், மெதுவாக நகரும் காட்சிகள், எழுந்து நிற்க வைக்கிற இசை. நடந்த ஒரு கொலை போதாதென்று பெரிய பெரிய சாகசங்களையும் கற்பனையாகச் சேர்த்து, அவரைச் சர்வதேச லெவல் ஆளாகக் காட்டினார்கள். முடிவில் "அலெக்சாண்டர்" என்று புதுப் பெயரோடு அவர் வந்து நிற்க, அடுத்த பாகத்துக்கு வழி வைத்தார்கள்.

வில்லன், விழுந்த மனிதன், ஹீரோ. 37 வருஷத்தில் சுகுமார குருப் செய்த காரியம் மாறவில்லை. சாக்கோ சாக்கோவாகவே இறந்து கிடக்கிறார். மாறினது பார்க்கிற நம்ம கண்ணு.

விளம்பரத்தையும் நினைத்துப் பாருங்கள். படம் வருவதற்கு முன் அதன் டிரெய்லரை துபாயில் புர்ஜ் கலீஃபா மேல் ஒளிரவிட்டார்கள். எந்த அமீரகத்தில் இருந்துகொண்டு அந்த மனிதர் காப்பீடு எடுத்தாரோ, அதே நாட்டின் உயரமான கட்டடத்தில் அவர் கதைக்கு வெளிச்சம். குருப் பெயர் போட்ட டி-ஷர்ட் விளம்பரத்துக்கு வந்தது. அப்போது கேரளத்து இளைஞர்களிலேயே சிலர் சமூக வலைத்தளத்தில் எதிர்த்துக் கேட்டார்கள். உங்க அப்பாவைக் கொன்றவன் பெயரை நெஞ்சில் போட்டுக்கொண்டு ஒருத்தன் தெருவில் போனால் உங்களுக்கு எப்படி இருக்கும் என்பதுதான் அவர்கள் கேள்வியின் சாரம். நியாயமான கேள்வி. அதற்கு இன்னும் யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை.

இன்னொரு தந்திரத்தையும் சொல்கிறேன். படத்தின் பெயர் "குருப்", உண்மைப் பெயர். ஆனால் உள்ளே அவர் சுகுமார குருப் இல்லை, சுதாகர குருப். சாக்கோ உள்ளே சார்லி ஆகிவிடுகிறார். வசூலுக்கு "இது உண்மைக் கதை" என்கிற பெயர் வேணும். பொறுப்புன்னு யாராவது கேட்டா "இது கற்பனைங்க"ன்னு ஒதுங்கிக்கணும். இரண்டு பக்கமும் லாபம். நாம அரசியல்ல இதே வேலையை யாராவது செஞ்சா சும்மா விடுவோமா?

இப்போது நேர்மையாக இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். மறைத்துப் பேசுவது நமக்கு அழகல்ல. அன்று கர்ப்பத்தில் இருந்த குழந்தை, சாக்கோவின் மகன், அப்பா முகத்தைப் பார்க்காமலே வளர்ந்தவர். டீசர் வந்தபோது, 2020-இல், அவரும் அவருடைய அம்மாவும் படக்குழுவுக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார்கள். கொலைகாரனைப் புகழ்கிற படமாக இருக்குமோ என்று பயந்தார்கள். பிறகு வெளியீட்டுக்கு முன் மகனுக்குப் படத்தைக் காட்டினார்கள். பார்த்துவிட்டு, படம் குருப்பைப் புகழவில்லை, மக்கள் இதைப் பார்க்க வேண்டும் என்றே அவர் சொன்னார். அவர் வார்த்தையை நான் மதிக்கிறேன். படத்தில் சார்லியாக வரும் டொவினோ தாமஸின் காட்சிகள் மனதைத் தொடுகின்றன என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் தோழர்களே, ரீல்ஸில் வெட்டி ஓடுவது எந்தக் காட்சி? சாலையோரம் காத்து நிற்கும் சார்லியா? குருப்பின் நடையா? இரண்டரை மணி நேரப் படத்தில் இருக்கிற அந்தக் கொஞ்சம் மனசாட்சியை முப்பது வினாடி வீடியோ முதல் வெட்டிலேயே தூக்கிப் போட்டுவிடுகிறது. மகன் பார்த்தது முழுப் படம். ஊர் பார்ப்பது அந்த முப்பது வினாடி. அந்த முப்பது வினாடியை வெட்டி ஒட்டுவது இயக்குநர் இல்லை. நம்மைப் போன்றவர்கள்தான்.

இங்கே ஒருவர் எழுந்து கேட்கலாம். "தலைவரே, நம்ம தெருக்கூத்துல துரியோதனன் வேஷத்துக்கு இல்லாத வரவேற்பா? அவன் ஆடிக்கிட்டு வரும்போது ஊரே ரசிக்குதே, அது தப்பா?" நல்ல கேள்வி. ரசிக்கலாம். ஆனால் அந்தக் கூத்து அதோடு முடிவதில்லை. கடைசியில் படுகளம் இருக்கிறது. ஆடி வந்தவனை மண்ணில் உருவமாகக் கிடத்தி, பாஞ்சாலி கூந்தல் முடிவதைப் பார்த்துவிட்டுத்தான் ஜனங்கள் வீட்டுக்குப் போவார்கள். அநியாயம் செய்தவனுக்கு வரவேற்பும் உண்டு, கணக்குத் தீர்ப்பதும் உண்டு. பாதிக்கப்பட்டவளுக்குக் கடைசி வார்த்தை உண்டு. ரீல்ஸில் படுகளம் கிடையாது. வரவேற்பு மட்டும் திரும்பத் திரும்ப ஓடுகிறது.

இன்னொருவர் கேட்கலாம், "அப்போ படத்தைத் தடை செய்யணுமா?" வேண்டவே வேண்டாம். குற்றவாளியைப் பற்றிப் படம் எடுக்கக்கூடாது என்று நாம் சொல்லவில்லை. இன்றைக்குப் பிடிக்காத படத்தைத் தடை செய்யச் சொன்னால், நாளைக்கு அதே கத்திரி உண்மை பேசுகிற படத்தின் கழுத்துக்கும் வரும். எடுக்கிறவருக்கு எடுக்கிற உரிமை இருக்கிறது. பார்க்கிற நமக்குக் கேள்வி கேட்கிற உரிமை இருக்கிறது. அந்த உரிமையைப் பயன்படுத்துங்கள் என்றுதான் சொல்கிறேன்.

சரி, இதுக்கும் கட்சிக்கும் என்ன சம்பந்தம்னு ஆரம்பத்துல கேட்டீங்களே, அங்க வரேன்.

தேர்தல் நேரத்தில் எல்லாக் கட்சிக்காரர்களும் தலைவர்களுக்கு "மாஸ்" வீடியோ போடுகிறார்கள். தலைவர் காரிலிருந்து இறங்குவார், பின்னணியில் ஏதோ ஒரு கேங்ஸ்டர் பட இசை. தலைவர் கண்ணாடியைச் சரிசெய்வார், கொலைகாரனுக்குப் போட்ட டியூன் ஒலிக்கும். நம் பக்கத்திலும் சில தோழர்கள் ஆர்வத்தில் இப்படிப் போடுகிறார்கள். நோக்கம் கெட்டது இல்லை, எனக்குத் தெரியும். ஆனால் ஒரு நிமிஷம் யோசிங்க. மக்களுக்கு உழைக்கிற ஒருவரைக் கம்பீரமாகக் காட்ட, மக்களை ஏமாற்றினவனுடைய நடைதான் நமக்குக் கிடைத்ததா? அந்த நடையைக் கடன் வாங்கும்போது அதில் இருக்கிற ரத்தக் கறையும் கூடவே வரும்.

அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. மோசடிக்காரன் மூலதனம் எது? பணம் இல்லை. நம்முடைய மயக்கம்தான் அவன் மூலதனம். நல்ல சட்டை, நல்ல கார், தடுமாறாத பேச்சு. இதையெல்லாம் பார்த்தவுடன் "இவர் பெரிய ஆளு"ன்னு நமக்குள்ள ஒரு குரல் சொல்லுது பாருங்க, அந்தக் குரலை நம்பித்தான் அவன் கடை விரிக்கிறான். ஊர் ஊராகச் சீட்டுக் கம்பெனி, மாதம் பத்து வட்டி, இரட்டிப்புப் பணம் என்று வந்தவர்கள் எல்லாம் கோட்டும் சூட்டும் போட்டு, மேடையில் இசை போட்டுத்தான் வந்தார்கள். மகள் கல்யாணத்துக்கு வைத்திருந்த பணத்தைக் கொடுத்தவர்கள் முட்டாள்கள் இல்லை. பளபளப்பாக வருகிறவன் திறமைசாலி என்று அவர்களுக்கு யாரோ சொல்லிக் கொடுத்திருந்தார்கள். சினிமா கொஞ்சம் சொல்லிக் கொடுத்தது. இனிமேல் நம் ரீல்ஸும் அதைச் சொல்லிக் கொடுக்கக் கூடாது.

அதனால் உங்களிடம் மூன்று கோரிக்கை வைக்கிறேன்.

ஒன்று. உண்மையில் வாழ்ந்த மோசடிக்காரன், கொலைகாரன் பற்றிய படக் காட்சியை எடுத்து நம் தலைவர்களுக்கு வீடியோ செய்யாதீர்கள். எதிர்க்கட்சிக்காரரைத் திட்டவும் அதை எடுக்காதீர்கள். திட்டினாலும் அந்த நடை பிரபலமாகத்தான் ஆகும்.

இரண்டு. இப்படி ஒரு படம் வந்தால், பார்த்துவிட்டு வந்ததும் முதல் வேலையாக, ஏமாற்றப்பட்டவர் யார், இறந்தவர் யார் என்று தேடிப் படியுங்கள். அவர்களைப் பற்றி நாலு வரி எழுதுங்கள். படத்துக்கு விமர்சனம் எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். பாதிக்கப்பட்டவருக்காக எழுத ஆள் குறைவு.

மூன்று. உங்கள் தெருவில், உங்கள் வாட்ஸ்அப் குழுவில் யாராவது ஒரு மோசடிக்காரனை "செம மூளைடா அவனுக்கு" என்று பேசினால், சண்டை போட வேண்டாம். "அவன்கிட்ட ஏமாந்தவங்க யாருண்ணே?" என்று ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள். பேச்சு தானாகத் திசை திரும்பும்.

கடைசியாக ஒரு செய்தி சொல்லி முடிக்கிறேன்.

சாக்கோ சினிமாவுக்காக ஊர் ஊராக அலைந்தவர். டிக்கெட் கணக்கு எழுதியவர். ஒரு படத்துக்கு வருகிற ஒவ்வொரு ரூபாயும் சரியாகப் போய்ச் சேர வேண்டும் என்று ராத்திரி வேலை பார்த்தவர். அந்த வேலையை முடித்துத் திரும்பும்போதுதான் கொல்லப்பட்டார். அதே சினிமா 37 வருஷம் கழித்து அவரைக் கொன்றவரின் பெயரைப் போஸ்டரில் போட்டு டிக்கெட் விற்றது.

ஆனால் குன்னத்தில், அந்தக் கார் எரிந்த வயலுக்கு ஊர் ஜனங்கள் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். "சாக்கோப்பாடம்". பாடம் என்றால் மலையாளத்தில் வயல். குருப் வயல் என்று யாரும் சொல்லவில்லை. ஓடிப்போனவன் பெயரை விட்டுவிட்டு, அங்கே எரிந்துபோனவன் பெயரை அந்த மண்ணுக்கு வைத்தார்கள். அவர்களிடம் கேமரா இல்லை, இசை இல்லை, புர்ஜ் கலீஃபா இல்லை. யார் பெயரைச் சொல்ல வேண்டும் என்பது மட்டும் தெரிந்திருந்தது.

நம் கையில் போன் இருக்கிறது. நாமும் அந்தப் பெயரைச் சொல்லுவோம் தோழர்களே.



#சாக்கோவை_மறவோம்